பொதுக் காரணி நான்தான்

நான் செய்த கணக்குத் தவறுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தால், முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் வந்து குவியும்: இரண்டு வர்க்கங்களுக்கு நடுவே நிற்கிற கூட்டல் குறி. அதே இடத்தில் கழித்தல் குறி இருந்தபோது எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. ஏ² − பி² என்றால் (ஏ + பி)(ஏ − பி). தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குறி கூட்டலாக மாறிவிட்டால் மட்டும் புத்தி வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடும். பள்ளியில் தொடங்கிய வேலைநிறுத்தம். தலை நரைத்த பிறகும் பேச்சுவார்த்தை முடியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் தெருவில் எனக்குக் கணக்கில் புலி என்று பெயர். நான் வேலை பார்ப்பது ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில், அவ்வளவுதான் காரணம். அங்கே நடப்பது கூட்டலும் கழித்தலும். அதையும் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. அது போட்ட கூட்டலுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆனாலும் யார் வீட்டுப் பிள்ளைக்கு இயற்கணிதம் ஏறவில்லை என்றாலும், "போ, அண்ணாச்சிகிட்ட கேளு" என்று அனுப்பிவிடுகிறார்கள். தெரியாது என்று நானும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பாவங்களின் பட்டியல்தான் இது.

முதல் தவறு உலகமே செய்கிற தவறு, ஆகவே கொஞ்சம் கௌரவமானது. (ஏ + பி)² என்பதை ஏ² + பி² என்று எழுதினேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். கணக்கு சார் திட்டவில்லை. கரும்பலகையில் ஏ-க்கு 3, பி-க்கு 4 என்று போட்டார். ஏழின் வர்க்கம் 49. என் விடைப்படி ஒன்பதும் பதினாறும் சேர்ந்து 25. "ஏலே, மிச்சம் இருபத்து நாலு எங்கலே போச்சு?" என்றார். நான் என் பைக்கட்டைப் பார்த்தேன். வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. தொலைந்துபோன அந்த 24தான் நடுவில் வரவேண்டிய 2ஏபி: இரண்டு பெருக்கல் மூன்று பெருக்கல் நான்கு. அன்று முதல் எனக்கு 'இருபத்து நாலு' என்பதே பெயர். இப்போதும் பஸ் ஸ்டாண்டில் யாராவது பஸ் நம்பரைச் சொன்னால்கூடத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

அடுத்தது வகுப்புத் தேர்வு. 'காரணிப்படுத்துக: எக்ஸ்² + 9' என்று ஒரு கேள்வி. (எக்ஸ் + 3)(எக்ஸ் + 3) என்று எழுதினேன். பெருக்கினால் நடுவில் 6எக்ஸ் வந்து நின்றது. பழைய இருபத்து நாலின் தம்பி என்று அடையாளம் தெரிந்தது. அடித்துவிட்டு (எக்ஸ் + 3)(எக்ஸ் − 3) என்று எழுதினேன். 6எக்ஸ் போயிற்று, ஆனால் கடைசியில் கழித்தல் ஒன்பது. கழித்தலும் கழித்தலும் கூட்டல் ஆகுமே என்று (எக்ஸ் − 3)(எக்ஸ் − 3) போட்டேன். கடைசி சரியாயிற்று, நடுவில் கழித்தல் 6எக்ஸ். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் கிளம்பியது. கடைசியில் மூன்று விடைகளையும் அடிக்காமல் விட்டுவைத்தேன். சாருக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும் என்ற தாராளம். பக்கத்தில் இருந்தவன் ஒன்றுமே எழுதவில்லை. தாள் கொடுக்கும்போது, "காரணி இல்லைன்னு தெரிஞ்சுதான் விட்டேன் சார்" என்று சொல்லி அரை மார்க் வாங்கிவிட்டான். அவன் பின்னாளில் வக்கீல் ஆனான்.

சார் அன்று காரணத்தையும் சொன்னார். எக்ஸ்² + 9 என்பதற்கு (எக்ஸ் − ஏதோ ஓர் எண்) என்று ஒரு காரணி இருந்தால், எக்ஸின் இடத்தில் அந்த எண்ணைப் போட்டதும் கோவை பூஜ்யமாக வேண்டும். வர்க்கம் என்பது கழித்தல் பக்கம் போகாது. மிகக் குறைந்தால் பூஜ்யம். அதோடு ஒன்பதைக் கூட்டினால் 9-க்குக் கீழே எங்கே இறங்கும்? பூஜ்யமே ஆகாத கோவைக்கு ஒருபடிக் காரணி ஏது? "அதனால, மெய்யெண்களுக்குள்ள இந்த இருபடிக் கோவைக்குக் காரணி கிடையாது" என்று முடித்தார்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டது இது: வர்க்கங்களின் கூடுதலுக்குக் காரணி கிடையாது. கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. 'மெய்யெண்களுக்குள்ள' என்பதும் 'இந்த இருபடிக் கோவைக்கு' என்பதும் நீளமாக இருந்ததால் விட்டுவிட்டேன். இனி வரப்போகிற அவமானங்கள் எல்லாம் அந்த இரண்டு சொற்களை விட்டதற்கு நான் கட்டிய வட்டி.

வட்டியின் முதல் தவணை பிளஸ் ஒன்னில் வந்தது. கலப்பெண் பாடம். ஐ என்று ஓர் எண், ஐ² = −1 என்றார்கள். அடுத்த வரியிலேயே (எக்ஸ் + 3ஐ)(எக்ஸ் − 3ஐ) என்று எழுதிப் பெருக்கினால், எக்ஸ்² − 9ஐ², அதாவது எக்ஸ்² + 9. இரண்டு சிவப்புக் கோடு போட்டு நான் காத்து வந்த சட்டம் ஒரு வரியில் போய்விட்டது. ரோஷம் வந்து, இந்தப் புது எண்களை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். −4-இன் வர்க்கமூலத்தையும் −9-இன் வர்க்கமூலத்தையும் பெருக்கச் சொன்னார்கள். உள்ளே இருப்பதைப் பெருக்கினால் 36, அதன் வர்க்கமூலம் 6 என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கிச் சொன்னேன். விடை −6. முதலாவது 2ஐ, இரண்டாவது 3ஐ, பெருக்கினால் 6ஐ². உள்ளே இருப்பதைப் பெருக்கிக்கொள்ளும் விதி, இரண்டும் கழித்தல் எண்ணாக இருக்கும்போது செல்லாது. சார் சொன்னார்: "விதியை மனப்பாடம் பண்ணியிருக்கே. அது எங்க செல்லும்ங்கறதை விட்டுட்டே." என் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதினால் இதையே தலைப்பாக வைக்கலாம்.

பிறகு வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று பல ஆண்டுகள் இயற்கணிதம் என்னை விட்டு வைத்திருந்தது. மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் தேடி வந்துவிட்டது. ஒருநாள் ராத்திரி நோட்டோடு வந்தாள். "அப்பா, எக்ஸ் பவர் ஃபோர் பிளஸ் அறுபத்து நாலு. இதுக்குக் காரணி வருமா?"

நான் நோட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "நடுவில பிளஸ் இருக்குல்லா? ரெண்டும் வர்க்கம்லா? வராதும்மா. காரணி இல்லைன்னு எழுதிக்கோ" என்றேன். அடுக்களையில் இருந்த மனைவிக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் நான் சட்டையைக் கழற்றுவதற்குள் நோட்டு என் முகத்துக்கு முன்னால் வந்தது. அவர்கள் டீச்சர் போட்டது:

எக்ஸ்⁴ + 64
= எக்ஸ்⁴ + 16எக்ஸ்² + 64 − 16எக்ஸ்²
= (எக்ஸ்² + 8)² − (4எக்ஸ்)²
= (எக்ஸ்² + 4எக்ஸ் + 8)(எக்ஸ்² − 4எக்ஸ் + 8)

"ஒண்ணு போட்டுப் பாருங்கப்பா" என்றாள். எக்ஸுக்கு ஒன்று போட்டால் கோவை 65. காரணிகள் பதின்மூன்றும் ஐந்தும். பெருக்கினால் 65. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்று, யாரோ உற்றுக் கேட்பது தெரிந்தது.

செய்திருக்கும் வேலை இவ்வளவுதான். பந்திக்கு இலை பற்றாதபோது பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டுவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுப்பதைப் போல, இல்லாத 16எக்ஸ்²-ஐக் கூட்டிக்கொண்டு அதே வரியில் கழித்தும் விட்டார்கள். கூட்டியதால் ஒரு முழு வர்க்கம் கிடைத்தது. கழித்ததால் நடுவில் கழித்தல் குறி வந்தது. அப்புறம் நான் தூக்கத்திலும் சொல்வேன் என்று பீற்றிக்கொண்ட அதே ஏ² − பி².

இதன் பொது வடிவம் ஏ⁴ + 4பி⁴. அது (ஏ² + 2ஏபி + 2பி²)(ஏ² − 2ஏபி + 2பி²) என்று உடையும். சோஃபி ஜெர்மேன் முற்றொருமை என்று பெயர். 1776-இல் பாரிஸில் பிறந்த பெண். 1794-இல் அங்கே எக்கோல் பாலிடெக்னிக் தொடங்கியபோது பெண்களுக்கு இடமில்லை. அவர் விரிவுரைக் குறிப்புகளை எப்படியோ வாங்கிப் படித்து, லெப்லாங்க் என்ற ஆண் பெயரில் கட்டுரை எழுதி அனுப்பினார். எழுதியது ஒரு பெண் என்று அங்கே பேராசிரியராக இருந்த லக்ராஞ்சுக்குத் தெரியவந்தபோது அவர் ஆதரிக்கவே செய்தார். அதே ஆண் பெயரில் ஜெர்மேன் கணித மேதை காஸுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1816-இல் அதிரும் தகடுகளைப் பற்றிய ஆய்வுக்குப் பாரிஸ் அகாதமியின் பரிசு கிடைத்தது. கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டவர் அவ்வளவு செய்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு உள்ளே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தும் நான் இரண்டு சொற்களை விட்டேன்.

தோற்றவன் சும்மா இருந்தால் கௌரவம் மிஞ்சும். எனக்குப் புது வித்தை கிடைத்த தெம்பு. எந்த வர்க்கக் கூடுதலையும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எக்ஸ்² + 4-ஐ எடுத்தேன். 4எக்ஸைக் கூட்டிக் கழித்தால் (எக்ஸ் + 2)² − 4எக்ஸ். 4எக்ஸின் வர்க்கமூலம் 2√எக்ஸ். ஆகவே (எக்ஸ் + 2 + 2√எக்ஸ்)(எக்ஸ் + 2 − 2√எக்ஸ்). எக்ஸுக்கு 1 போட்டேன்: ஐந்தும் ஒன்றும், பெருக்கினால் 5. 4 போட்டேன்: பத்தும் இரண்டும், பெருக்கினால் 20. சரியாக வருகிறது! கணிதத்தையே கவிழ்த்துவிட்டேன் என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு தடவைதான் பார்த்தாள். "அப்பா, ரூட் எக்ஸ் வந்துட்டா அது பல்லுறுப்புக் கோவையே இல்லப்பா. எக்ஸுக்கு மைனஸ் ஒண்ணு போடுங்க பார்ப்போம்." போட்டேன். வர்க்கமூலத்துக்குள் கழித்தல் ஒன்று உட்கார்ந்துகொண்டது. பேனாவை மூடினேன்.

ஏன் ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கூட்டிக் கழிக்கிற நடு உறுப்பு தானே ஒரு வர்க்கமாக இருக்கவேண்டும். எக்ஸ்⁴ + 64-இல் அது 16எக்ஸ்², 4எக்ஸின் வர்க்கம். எக்ஸ்² + 4-இல் அது வெறும் 4எக்ஸ். அது எந்தப் பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமும் இல்லை. வித்தை முழுவதும் இந்த ஒரு நிபந்தனையில் நிற்கிறது. நான் வழக்கம்போல வித்தையைப் பிடித்துக்கொண்டு நிபந்தனையை விட்டிருந்தேன்.

அதற்குள் எதிர்வீட்டுப் பையன் எக்ஸ்⁶ + 1-ஐக் கொண்டுவந்தான். எக்ஸ்³-இன் வர்க்கமும் ஒன்றின் வர்க்கமும். நடு உறுப்பு 2எக்ஸ்³, அது வர்க்கம் இல்லை. புது ஞானத்தின்படி நிதானமாகச் சோதித்து, "இது உடையாது தம்பி" என்றேன். உடைந்தது. அதை எக்ஸ்²-இன் கனமும் ஒன்றின் கனமும் என்று பார்க்கவேண்டுமாம். கனங்களின் கூடுதல் எப்போதும் உடையும்: (எக்ஸ்² + 1)(எக்ஸ்⁴ − எக்ஸ்² + 1). எக்ஸுக்கு 2 போட்டால் 65. காரணிகள் ஐந்தும் பதின்மூன்றும். அந்த 65 என்னைத் தெருத் தெருவாகத் துரத்துகிறது என்று தோன்றியது. பையன் இப்போது டியூஷன் போகிறான்.

மனம் நொந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தவர் லைப்னிட்ஸ். நுண்கணிதம் கண்டவர்களில் ஒருவர். அவரே 1702-இல் எக்ஸ்⁴ + ஏ⁴ போன்ற கோவையை மெய்யெண் கெழுக்கள் கொண்ட காரணிகளாக உடைக்க முடியாது என்று எழுதிவிட்டார். உடையும். நடு உறுப்பு 2ஏ²எக்ஸ்². 2-க்கு வர்க்கமூலம் எடுக்க மனம் துணிந்தால் போதும். (எக்ஸ்² + √2 ஏஎக்ஸ் + ஏ²)(எக்ஸ்² − √2 ஏஎக்ஸ் + ஏ²). பின்னர் நிக்கோலாஸ் பெர்னூலி எக்ஸ்⁴ − 4எக்ஸ்³ + 2எக்ஸ்² + 4எக்ஸ் + 4 என்ற கோவையைக் காட்டி இதுவாவது உடையாது என்றார். 1742-இல் ஆய்லர் அதையும் உடைத்துக் கடிதத்தில் அனுப்பினார். இவர்களோடு ஒரே பட்டியலில் இருப்பதில் எனக்குப் பெருமைதான். அவர்கள் தவறியது ஒரு தடவை என்பதும் நான் தவறியது தொழிலாக என்பதும் சின்ன வித்தியாசம்.

ஆனால் லைப்னிட்ஸ் கதையில்தான் விஷயம் பிடிபட்டது. எக்ஸ்⁴ + 1 முழு எண்களுக்குள் உடையாது. √2-ஐ அனுமதித்தால் உடையும். எக்ஸ்² + 9 மெய்யெண்களுக்குள் உடையாது. ஐ-யை அனுமதித்தால் உடையும். எக்ஸ்⁴ + 64 முழு எண்களுக்குள்ளேயே உடையும். 'உடையாது' என்று சொல்கிறவன், எந்த எண்களுக்குள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அது பாதிக் கணக்கு. நான் ஆயுள் முழுக்கப் பாதிக் கணக்குக்கு முழுக் குரலில் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கிறேன்.

இவ்வளவு தெளிந்த பிறகு நடந்தது இன்னும் மோசம். மகள் ஒரு சீட்டில் 50629 என்று எழுதிக் கொடுத்து, "அப்பா, இது பகா எண்ணா?" என்றாள். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் உட்கார்ந்தேன். 3-ஆல் போகவில்லை, 7-ஆல் போகவில்லை, 11, 13, 17 என்று ஏறினேன். வீடு தூங்கிவிட்டது. 97 தாண்டியதும் சலித்து, நூறு வரை பார்த்தால் போதும் என்று நானே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன். காலையில், "பகா எண்தான், நல்லாப் பார்த்துட்டேன்" என்றேன். அவள் சீட்டைத் திருப்பினாள். பின்னால் எழுதியிருந்தது: 15⁴ + 4. அதே சோஃபி ஜெர்மேன். 15⁴ + 4 = 257 × 197. 225 வரை வகுத்துப் பார்த்திருக்கவேண்டிய எண் அது. 197 வரைக்கும் எந்தக் காரணியும் எட்டிப் பார்க்காது. நான் சட்டம் இயற்றிய இடத்திலிருந்து இன்னும் நூறு படி ஏறியிருக்கவேண்டும். அல்லது படியே ஏறாமல் அது என்ன கோவை என்று பார்த்திருக்கவேண்டும்.

இதற்கும் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தார். பிரான்சில் லாந்த்ரி என்பவர் 1869-இல் 2⁵⁸ + 1 என்ற பதினெட்டு இலக்க எண்ணைக் கையாலேயே கணக்குப் போட்டுக் காரணிப்படுத்தினார்: 5, 107367629, 536903681. அசுர உழைப்பு. 1871-இல் ஓரிஃபேய் என்பவர் அந்த விடையைப் பார்த்தார். 5-ஐ இரண்டாவதோடு பெருக்கினால் 536838145. மூன்றாவதுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஏன் சமம்? 2⁵⁸ + 1 என்பது 1 + 4 × (2¹⁴)⁴. இரண்டு வரியில் 2²⁹ + 2¹⁵ + 1 என்றும் 2²⁹ − 2¹⁵ + 1 என்றும் உடைந்துவிடும். லாந்த்ரியின் உழைப்பு விடை தந்தது. என் ராத்திரி அதையும் தரவில்லை.

50629-இல் இன்னொரு வழியும் ஒளிந்திருந்தது. அது 225² + 2². அதுவே 223² + 30². ஓர் ஒற்றை எண்ணை இரண்டு விதமாக இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால், அது நிச்சயம் பகு எண்; அந்த இரண்டு விதங்களை வைத்தே காரணிகளைப் பிடிப்பது ஆய்லரின் முறை. காரணம் பழையது. 197 என்பது 14² + 1², 257 என்பது 16² + 1². வர்க்கக் கூடுதலை வர்க்கக் கூடுதலால் பெருக்கினால் இன்னொரு வர்க்கக் கூடுதல் வரும், அதுவும் இரண்டு விதமாக. இதைவிடப் பொதுவான வடிவத்தை பிரம்மகுப்தர் 628-இல் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் தந்தார். அவருக்கும் முன்பே கிரேக்கத்தில் எழுதிய டயோஃபாண்டஸ், 65 என்ற எண் 8² + 1² ஆகவும் 7² + 4² ஆகவும் இருப்பதற்குக் காரணம் அது 13-ஐயும் 5-ஐயும் பெருக்கி வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார். என்னைத் துரத்திய அதே 65.

இதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாள் அலுவலக டீ நேரத்தில் ஆரம்பித்தேன். "ஃபெர்மான்னு ஒருத்தர் 1640-லயே சொல்லிட்டாரு. நாலால வகுத்தா மீதி ஒண்ணு வர்ற எந்த எண்ணையும் ரெண்டு வர்க்கத்தோட கூடுதலா எழுதலாம். கேளுங்க, சொல்றேன்." 13 என்றார்கள், ஒன்பதும் நாலும் என்றேன். 29 என்றார்கள், இருபத்தஞ்சும் நாலும் என்றேன். டீ ஊற்றுகிற பையன்கூட நின்று பார்த்தான். ஓரத்தில் இருந்த புதுப் பையன், "அண்ணாச்சி, இருபத்தொண்ணு?" என்றான். பதினாறும் ஐந்தும், இல்லை. ஒன்பதும் பன்னிரண்டும், இல்லை. நாலும் பதினேழும், இல்லை. டீ ஆறியது. 21-ஐ எழுதவே முடியாது. ஃபெர்மா சொன்னது பகா எண்களைப் பற்றி. நூறாண்டு கழித்து ஆய்லர் நிரூபித்ததும் அதைத்தான். பகு எண் என்றால், நாலால் வகுத்து மீதி மூன்று வருகிற பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படைத் தடவை வரவேண்டும். 21-இல் 3-உம் 7-உம் தலா ஒருமுறைதான். 'பகா' என்ற இரண்டு எழுத்தை நான் விட்டிருந்தேன். அது நீளமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

பூஜ்யத்தின் வர்க்கத்தையும் சேர்த்துக்கொண்டால் 1 முதல் 100 வரை இப்படி எழுதக்கூடிய எண்கள் 43. பெரிய எண்கள் வரை போனால் எத்தனை இருக்கும் என்பதற்கு ராமானுஜன் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே ஒரு சூத்திரம் அனுப்பினார், 0.764 என்று தொடங்கும் ஒரு மாறிலி அதில் வருகிறது. லாண்டாவ் 1908-லேயே நிரூபித்திருந்த முடிவை இவர் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார். சூத்திரத்தின் முதன்மைப் பகுதி சரி. அதில் நேரும் பிழை எவ்வளவு சிறியது என்று அவர் சொன்னது மட்டும் தவறு என்று ஹார்டி பிற்பாடு எழுதினார். ராமானுஜனுக்கே இந்தக் கூட்டல் குறி சறுக்கலாம் என்று நான் வீட்டில் சொன்னேன். "அவருக்குக் கடைசியில சறுக்கிச்சு. உங்களுக்கு முதல் படியிலயே" என்றாள் மனைவி. அவள் கணக்குப் படித்தவள் இல்லை. ஆனாலும் விடை சரி.

பட்டியலை இப்போது ஒரு கணக்காகவே பார்க்கிறேன். இருபத்து நாலு, எக்ஸ்² + 9, கழித்தல் ஆறு, அறுபத்து நாலு, ரூட் எக்ஸ், 50629, இருபத்தொன்று. எல்லாவற்றிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. விதியைப் பிடித்துக்கொண்டு அது செல்லும் எல்லையை விட்டது. விடை சொல்லிவிட்டு ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்காமல் போனது. ஏழு கணக்குக்கும் பொதுக் காரணியை வெளியே எடுத்தால் நான்தான் வருகிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். வர்க்கங்களுக்கு நடுவே கூட்டல் குறியைப் பார்த்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதலில் எந்த எண்களுக்குள் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். நடு உறுப்பு வர்க்கமா என்று பாருங்கள். கனமாகப் பிரியுமா என்றும் பாருங்கள். காரணி கிடைத்தால் எக்ஸுக்கு ஒன்றோ இரண்டோ போட்டுப் பெருக்குங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அப்படியும் தெரியாவிட்டால், "தெரியலம்மா, நாளைக்கு உங்க டீச்சர்கிட்ட கேட்டுட்டு எனக்கும் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மார்க் குறைக்கிற பள்ளிக்கூடம் எங்கும் இல்லை.